கொதித்தும் சாகாதவை
நுண்ணுயிர்களின் வரலாறு – 14

சென்ற இதழை லூயி பாஸ்டரின் அன்னக் கழுத்துக் குடுவையோடு நிறுத்தியிருந்தோம். பள்ளிப் பாடப் புத்தகங்களும் அங்கேதான் நிறுத்துகின்றன. கொதிக்கவைத்த ஈஸ்ட் நீர் வளைந்த கழுத்துக் குடுவைக்குள் மாதக்கணக்கில் தெளிவாக நின்றது. கழுத்தை ஒடித்ததும் கலங்கியது. ஆகவே உயிர் உயிரிலிருந்தே வரும், வெறும் கஷாயத்திலிருந்து தானாக முளைக்காது. 1864 ஏப்ரல் 7 அன்று பாரிஸின் சோர்போன் அரங்கில் பாஸ்டர் இதை ஊரறியச் சொன்னார். தான்தோன்றிக் கொள்கைக்கு அன்றோடு கருமாதி முடிந்தது என்கிறது பாடப் புத்தகம். சொல்வதற்கு வசதியான கதை. ஆனால் கருமாதி முடிந்ததாகச் சொல்லப்பட்ட கொள்கை அடுத்த 13 ஆண்டுகள் லண்டனில் தெம்பாக நடமாடியது. பாஸ்டரின் கட்டுரைகளை வரிவரியாகப் படித்த மருத்துவர்களே அதை நம்பினார்கள். அவர்களை முட்டாள்கள் என்று தள்ளிவிட முடியாது. கொதிக்கவைத்து, மூடி, முத்திரையிட்ட குடுவைகளில் உயிர் பெருகுவதை அவர்கள் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தச் சிக்கலைப் பாஸ்டரின் கண்ணாடிக் கழுத்தால் அவிழ்க்க முடியவில்லை என்பதே இந்த அத்தியாயத்தில் நான் வைக்கும் வாதம். சில பாக்டீரியாக்கள் நெருக்கடி வந்தால் வாழ்வதையும் நிறுத்திவிட்டு, சாகவும் மறுத்து, ஓர் உறக்கத்துக்குள் போய்விடுகின்றன. அது தெரிந்த பிறகுதான், 1876-77இல், வழக்கு தீர்ந்தது.

வழக்கில் இரு தரப்பும் நூறாண்டாகச் சண்டை போடாத ஒரு விஷயம் உண்டு: போதுமான அளவு கொதித்தால் எதுவும் சாகும். 1748இல் ஆட்டிறைச்சிச் சாற்றைச் சூடாக்கி மூடிவைத்து அதில் உயிர் தோன்றியதாக அறிவித்த ஆங்கிலப் பாதிரியார் நீடாமும் அப்படித்தான் நினைத்தார். நீ போதுமான நேரம் சூடாக்கவில்லை என்று 1765இல் அவரை மறுத்த இத்தாலியர் ஸ்பல்லன்சானியும் அப்படித்தான் நினைத்தார். தகராறு எத்தனை நிமிடம் என்பதில் மட்டும்தான். கொதிநிலை ஒரு எல்லைக் கோடு. இந்தப் பக்கம் உயிர், அந்தப் பக்கம் பிணம். நம் அடுப்படியிலும் இன்றுவரை இதே நம்பிக்கைதான் ஆட்சி செய்கிறது: தண்ணீரைக் கொதிக்கவைத்தாயிற்று, இனி பயமில்லை. பெரும்பாலான கிருமிகளைப் பொறுத்தவரை இது சரியும்கூட. ஆனால் ‘பெரும்பாலான’ என்ற சொல்லுக்கும் ‘எல்லா’ என்ற சொல்லுக்கும் நடுவிலிருக்கும் இடைவெளியில்தான் 19ஆம் நூற்றாண்டின் திறமையான சோதனையாளர்கள் பலர் விழுந்து எழுந்தார்கள். இந்த எல்லைக் கோட்டை ஏற்றுக்கொண்டால் நடக்கும் விபரீதத்தைக் கவனியுங்கள். கொதித்த குடுவையில் உயிர் தோன்றினால் இரண்டே விளக்கம்தான் மிஞ்சும். ஒன்று, வெளியிலிருந்து கிருமி புகுந்துவிட்டது. அப்படியானால் சோதனை செய்தவர் கவனக்குறைவானவர். இரண்டு, உயிர் தானாகத் தோன்றியது. ஒரு தரப்பு மற்றதைக் கைத்திறன் போதாதவர் என்று ஏசுவதைத் தவிர வேறு வழியில்லாத நிலை அது. ஏசவும் செய்தார்கள்.

ரூவன் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஃபெலிக்ஸ் பூஷேவை வரலாறு கொஞ்சம் அநியாயமாகவே நடத்திவிட்டது. 1859இல் அவர் தான்தோன்றிக் கொள்கைக்கு ஆதரவாக ஒரு தடிமனான நூலை வெளியிட்டார். அதன் பரபரப்பில் பிரெஞ்சு அறிவியல் கழகம் 2,500 ஃபிராங்க் பரிசு ஒன்றை அறிவித்தது. 1862இல் அது பாஸ்டருக்குப் போனது. பாஸ்டரின் வலுவான சான்றுகளில் ஒன்று, 1860இல் ஆல்ப்ஸ் மலைப் பனியாற்றின் ஓரத்தில், மோன்தான்வேரில், அவர் திறந்து மூடிய 20 குடுவைகள். அவற்றில் ஒன்றே ஒன்றுதான் கலங்கியது. சமவெளியில் திறந்த 20இல் 8 கலங்கியிருந்தன. உயரே போகப் போகக் காற்றில் தூசு குறைவு, தூசு குறைந்தால் கிருமி குறைவு. கச்சிதமான தர்க்கம். பூஷே சும்மா இருக்கவில்லை. 1863இல் ஜோலி, முசே என்ற இரு நண்பர்களோடு பிரனீஸ் மலையில் இன்னும் உயரத்துக்கு ஏறினார். மலாதெத்தா பனியாற்றுப் பகுதியில் எட்டுக் குடுவைகளைத் திறந்து மூடினார்கள். எட்டிலும் உயிர் தோன்றியது. அதே மாதிரியான சோதனை, அதைவிடச் சுத்தமான காற்று, நேர் எதிரான விடை. குடுவைகள் போதாது, கழுத்தை உடைக்க அரம் பயன்படுத்தியது தவறு என்று பாஸ்டர் குறை சொன்னார். அரத்தின் மேல் பழி போடுவது சுலபம். இருவரின் குடுவைக்குள்ளும் என்ன இருந்தது என்று பார்ப்பதே இன்னும் பயனுள்ள வேலை. பாஸ்டர் ஊற்றியது சர்க்கரை கலந்த ஈஸ்ட் நீர். பூஷே ஊற்றியது உலர்புல் கஷாயம்.

இந்த ஒரு வித்தியாசத்துக்குள் முழு வழக்கும் அடங்கியிருந்தது. அன்று அது யார் கண்ணிலும் படவில்லை. காய்ந்த புல்லில் ஒட்டியிருக்கும் மண்ணில் பாஸிலஸ் சப்டிலிஸ் என்று பின்னாளில் பெயர் பெற்ற பாக்டீரியா சர்வசாதாரணமாகக் கிடக்கும். அதன் உறங்கும் வடிவம் கொதிநீரைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே பூஷேவின் குடுவைக்குள் கிருமி மலைக்காற்றிலிருந்து வர வேண்டிய தேவையே இல்லை. ரூவனிலிருந்தே அவர் அதைத் தூக்கிக்கொண்டு மலையேறியிருக்கலாம். 1864இல் கழகம் ஒரு குழு அமைத்து இரு தரப்பையும் அழைத்தபோது, ஒரே ஒரு சோதனையோடு தொடங்குவோம் என்றது குழு. முழு வரிசையும் வேண்டும் என்றார் பூஷே. உடன்பாடு எட்டவில்லை, அவர் விலகிக்கொண்டார். அந்தக் குழு பாஸ்டர் பக்கம் சாய்ந்திருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. பூஷே மட்டும் பிடிவாதத்தை விட்டுவிட்டுத் தன் உலர்புல் கஷாயத்தைக் குழுவின் கண்முன் கொதிக்கவைத்திருந்தால், அவர் வென்றிருக்க நிறைய வாய்ப்பு இருந்தது. தவறான கொள்கை உண்மையான சோதனையின் பலத்தில் வென்றிருக்கும். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பிரேசிலிலிருந்து வந்த ஆட்டு ரோமத்தில் சிக்கியிருந்த மெடிகாகோ விதைகள், நான்கு மணி நேரம் கொதித்த பிறகும் முளைத்தன என்பதைப் பதிவு செய்தவர்களில் இதே பூஷே ஒருவர். காய்ந்து இறுகிய விதை கொதிநீரைத் தாங்கும் என்று அறிந்திருந்த மனிதர், கண்ணுக்குத் தெரியாத விதை ஒன்று தன் குடுவையிலேயே இருக்கக்கூடும் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

காட்சி லண்டனுக்கு மாறுகிறது. யூனிவர்சிட்டி காலேஜில் நோய்க்கூறு உடற்கூறியல் பேராசிரியராக இருந்த ஹென்றி சார்ல்டன் பாஸ்டியன் (பாஸ்டரோடு பெயர்க் குழப்பம் வேண்டாம்) 1872இல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் நூலொன்றை வெளியிட்டார். அவருடைய பிரசித்தமான சமையல் குறிப்பு இது: டர்னிப் கிழங்கை வேகவைத்து இறுத்த சாறு, அதில் சிட்டிகையளவு சீஸ். பத்து நிமிடம் கொதிக்கவைத்து, கொதிக்கும்போதே குடுவையின் வாயை உருக்கி அடைத்து, கதகதப்பில் வைத்தால் மூன்றே நாளில் உள்ளே பாக்டீரியா நெளியும். அவருடைய கொள்கையை ஏற்காத பர்டன் சாண்டர்சன் நேரில் போய்ப் பார்த்தார். பாஸ்டியன் சொன்னபடியே நடக்கிறது என்று 1873இல் நேர்மையாக எழுதினார். பாஸ்டியனின் பலம் சோதனையில் மட்டும் இல்லை, அவர் கேட்ட கேள்வியிலும் இருந்தது. கொதித்த குடுவையில் உயிர் வராவிட்டால் கிருமி செத்தது என்கிறீர்கள். வந்துவிட்டால் அது கொதியைத் தாங்கும் கிருமி என்கிறீர்கள். தாங்கும் என்பதற்குச் சான்று என்ன? அது குடுவையில் தோன்றியதுதான் சான்று என்கிறீர்கள். எந்த விடை வந்தாலும் உங்கள் கொள்கை பிழைக்குமென்றால் அதைச் சோதனை என்று எப்படிச் சொல்வது? இந்தக் கேள்வியைப் பலர் கடந்து போய்விடுகிறார்கள். எனக்கு அது நியாயமான கேள்வியாகவே படுகிறது. பாஸ்டரின் குடுவைகள் அத்தனையும் சேர்ந்தும் இதற்குப் பதில் சொல்லவில்லை. ஈஸ்ட் நீர் தெளிவாக நிற்பது டர்னிப் சாறு ஏன் கலங்குகிறது என்பதை எப்படி விளக்கும்?

பதில் மருத்துவரிடமிருந்தோ வேதியியலாளரிடமிருந்தோ வரவில்லை. தாவரவியலாளர் ஒருவரிடமிருந்து வந்தது. பிரெஸ்லாவ் நகரின் யூதச் சேரியில் 1828இல் பிறந்தவர் ஃபெர்டினாண்ட் கோன். யூதர் என்பதால் சொந்த ஊர்ப் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் தர மறுத்தது. பெர்லினுக்குப் போய் 19 வயதில் முனைவரானார். பிறகு அதே பிரெஸ்லாவுக்குத் திரும்பிப் பேராசிரியராக அமர்ந்து, பாக்டீரியாக்களை வகைப்படுத்தும் வேலையைத் தொடங்கினார். பாசியும் பூஞ்சையும் பார்த்துப் பழகிய கண் அவருடையது. நல்ல காலத்தில் தழைப்பதும் கெட்ட காலத்தில் வித்தாகச் சுருங்குவதும் அவருக்குப் புதிய செய்தி இல்லை. பாஸ்டியனின் டர்னிப்-சீஸ் சோதனையை அவரும் செய்தார், அவருக்கும் கலங்கியது. அவர் செய்த வித்தியாசம், கலங்கியதா இல்லையா என்று பார்த்துவிட்டுக் குடுவையைக் கழுவாமல், கலங்கியதற்குள் இருப்பது யார் என்று கேட்டதுதான். ஒரு மணி நேரம் கொதித்த உலர்புல் கஷாயத்தைக் கதகதப்பில் வைத்தால் ஓரிரு நாளில் மேலே பாலேடு போல ஒரு சவ்வு படியும். அதில் ஒரு துளியை நுண்ணோக்கிக்குக் கீழே வைத்தால் நீண்ட இழைகள் தெரியும். சில மணி நேரத்தில் அந்த இழைகளுக்குள் வரிசையாக, கோத்து வைத்தது போல, ஒளியை வாரி வீசும் நீள்வட்ட மணிகள் முளைக்கும். பிறகு இழை கரைந்து மறையும், மணிகள் மட்டும் அடியில் தங்கும். கொதித்த குடுவைகளில் மீண்டும் மீண்டும் தலைகாட்டியது இந்த ஒரே வகைதான். கஷாயத்தில் முதலில் இருந்த மற்ற வகைகள் வரவே இல்லை. உயிர் தானாகத் தோன்றுவதாக இருந்தால் ஒவ்வொரு முறையும் ஏன் மணி கட்டத் தெரிந்த வகையாகப் பார்த்துத் தோன்ற வேண்டும்? பாஸ்டியனின் வட்டத் தர்க்கக் குற்றச்சாட்டுக்கு இது பாதிப் பதில்.

கோன் இதை அச்சுக்குத் தயார் செய்துகொண்டிருந்த 1876இல், இன்றைய போலந்தில் இருக்கும் வோல்ஸ்டைன் என்ற சிற்றூரின் அரசு மருத்துவர் ஒருவர் கடிதம் போட்டுவிட்டு, ஏப்ரல் 30 அன்று நேரிலேயே வந்து சேர்ந்தார். அவர் ராபர்ட் காக். கால்நடைகளைக் கொல்லும் அடைப்பான் நோயின் கிருமியை, மாட்டுக் கண்ணிலிருந்து எடுத்த நீர்த்துளிக்குள் வளர்த்துக்கொண்டு வந்திருந்தார். குச்சி வடிவக் கிருமி இழையாக நீண்டு, இழைக்குள் முத்துகள் கட்டி, முத்துகள் புதிய துளியில் மீண்டும் குச்சிகளாவதைக் கோனின் கூடத்தில் வைத்துக் காட்டினார். உலர்புல்லில் கோன் கண்ட அதே வட்டம், இம்முறை ஆளைக் கொல்லும் கிருமியில். அடைப்பானுக்கு அதுவரை விளக்க முடியாத ஒரு குணம் இருந்தது. செத்த விலங்கின் ரத்தத்திலுள்ள குச்சிகள் சீக்கிரமே வீரியம் இழந்துவிடும். ஆனால் நோய் கண்டு இறந்த ஆடுமாடுகளைப் புதைத்த வயல்களில் பல ஆண்டுகளுக்குப் பிறகு மேய்ந்தவையும் செத்து விழும். பிரான்சில் அவற்றைச் சாபம் பிடித்த வயல்கள் என்றே அழைத்தார்கள். சாபத்துக்கு முத்து வடிவம் இருந்ததைக் காக் காட்டினார். 1942இல் ஸ்காட்லாந்துக்கு அருகே குருய்னார்ட் தீவில் பிரிட்டிஷ் ராணுவம் ஆடுகளைக் கட்டிவைத்து இதே முத்துகளை, அதாவது அடைப்பான் வித்துகளை, குண்டாக வெடித்துப் பார்த்தது. 1986இல் 280 டன் ஃபார்மால்டிஹைடைக் கடல்நீரில் கரைத்து அந்த மண்ணில் ஊற்றிய பிறகு, 1990இல்தான் தீவு பாதுகாப்பானது என்று அறிவிக்க முடிந்தது.

இனி பாதிப் பதிலை முழுப் பதிலாக்கிய மனிதர். வானத்தின் நீல நிறத்தை ஆராய்ந்த இயற்பியலாளர் ஜான் டிண்டால் கிருமி விவகாரத்துக்குள் வந்ததே தூசு வழியாகத்தான். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் ஒரு மரப்பெட்டி செய்தார். முன்பக்கம் கண்ணாடி, இரு பக்கமும் சின்னச் சன்னல்கள், அடித்தட்டைத் துளைத்து வரிசையாகச் சோதனைக் குழாய்கள், வாய் மட்டும் பெட்டிக்குள். உட்சுவர் முழுக்கக் கிளிசரின் தடவி, சில நாள் அசையாமல் விட்டுவிடுவார். மிதக்கும் தூசு படிந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒரு சன்னல் வழியாக ஒளிக்கற்றையைச் செலுத்தி மற்றதன் வழியே பார்ப்பார். கற்றையின் பாதை கண்ணுக்குத் தெரிந்தால் காற்றில் இன்னும் தூசு இருக்கிறது. உள்ளே ஒளி தெரியாமல் போனால் காற்று சுத்தம். இப்படிப்பட்ட பெட்டியில் இறைச்சி, மீன், காய்கறி எனப் பலவகைச் சாறுகளை ஊற்றி ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டார். எதுவும் கலங்கவில்லை. 1876 தொடக்கத்தில் பாஸ்டியனைத் தோற்கடித்துவிட்டதாகவே நினைத்தார். அந்த ஆண்டின் கடைசியில் பழைய உலர்புல் கட்டுகளை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். அதோடு நிம்மதி போயிற்று. உலர்புல் கஷாயம் மட்டுமின்றி, முன்பு ஐந்து நிமிடத்துக்கு அடங்கிய சாறுகளும் மணிக்கணக்கில் கொதித்த பிறகும் கலங்கின. கூடம் முழுக்க ஏதோ பரவிவிட்டது. 1877இல் கியூ தாவரவியல் பூங்காவின் புதிய ஆய்வுக்கூடத்துக்குப் பெட்டியோடு குடிபெயர்ந்தார். அங்கே பழையபடி ஐந்து நிமிடமே போதுமாயிற்று. வெப்பம் அதேதான், சாறும் அதேதான், இடம் மட்டும்தான் வேறு. உயிர் சாற்றிலிருந்து தானாக உருவாகுமென்றால் விலாசம் மாறியதற்காக அது ஏன் உருவாகாமல் இருக்க வேண்டும்?

டிண்டால் இத்தோடு நின்றிருந்தால் பாஸ்டியன் அசைந்திருக்க வேண்டியதில்லை. அடுத்த அடியில்தான் இயற்பியலாளரின் மூளை தெரிகிறது. உறங்கும்போது கிருமி இறுகிக் கிடக்கிறது, வெப்பம் தொடுவதில்லை. ஆனால் விழித்துப் பெருக வேண்டுமானால் அது தளர வேண்டும். ஊறிய பயறு போல மென்மையாக வேண்டும். அந்தத் தளர்ந்த தருணத்தில் பிடித்தால் ஒரு நிமிடக் கொதியே போதும். ஒரே நேரத்தில் எல்லாம் விழிக்காது. ஆகவே ஒரு நிமிடம் கொதிக்கவை, சில மணி நேரம் கதகதப்பில் விடு, அடுத்த அணி விழித்துப் பெருகத் தொடங்குவதற்குள் மீண்டும் ஒரு நிமிடம். இப்படி ஐந்து முறை. மணிக்கணக்கில் தொடர்ந்து கொதித்தும் அடங்காத சாறு, விட்டு விட்டுக் கொடுத்த ஐந்து நிமிட வெப்பத்தில் சுத்தமாக அடங்கிவிட்டது.

இந்த ஐந்து நிமிடத்தை நான் அன்னக் கழுத்துக்கு மேலே வைப்பேன். காரணம், இது பாஸ்டியனின் கேள்விக்கு அவர் கேட்ட முறையிலேயே பதில் சொல்கிறது. கிருமி தாங்கக்கூடியது என்று சொல்வதற்குச் சான்று, குடுவையில் அது தோன்றியது மட்டும்தானா என்றார் அவர். உறக்கம் என்ற கருத்தோ, தோன்றியதை விளக்குவதோடு நிற்காமல், இன்னும் நடக்காத ஒன்றை முன்கூட்டிச் சொன்னது: குறைந்த வெப்பத்தைப் பிரித்துக் கொடுத்தால், சேர்த்துக் கொடுத்த அதிக வெப்பத்தை அது வெல்லும். தான்தோன்றிக் கொள்கையின்படி பார்த்தால் இது நடக்கவே கூடாது. சாற்றிலுள்ள உயிராக்கும் சத்தை வெப்பம் கெடுத்துவிட்டது, அதனால்தான் உயிர் தோன்றவில்லை என்பது அந்தத் தரப்பின் வழக்கமான தப்பிக்கும் வழி. ஐந்து நிமிடம் கெடுத்த சத்தை ஐந்து மணி நேரம் கெடுக்கவில்லையா? அந்தக் கதவு இங்கே அடைபட்டது. இருந்தும் பாஸ்டியன் ஒப்புக்கொள்ளவில்லை. 1911இல்கூட உயிரின் தோற்றம் குறித்து அதே கொள்கையோடு நூல் எழுதினார், 1915இல் அதே நம்பிக்கையோடு இறந்தார்.

பாஸ்டரைக் குறைத்துவிட்டேன் என்று சிலர் சொல்லக்கூடும். முடிவு அவருடையதுதானே, மற்றவர்கள் விவரம் சேர்த்ததோடு சரிதானே என்பது நியாயமான ஆட்சேபம். முடிவு அவருடையதுதான். ஆனால் சரியான முடிவுக்குப் போதாத சான்றோடு வந்து சேர்வதும் நடப்பதுதான். பட்டுப்புழு நோயை ஆராய்ந்தபோது, கிருமிகளுக்குள் பளபளக்கும் மணிகளைப் பாஸ்டரே 1870 வாக்கில் பார்த்தார், அவை உலர்வதைத் தாங்கும் என்றும் எழுதினார். பார்த்தும் அதைக் கொதிநீர் வழக்கோடு முடிச்சுப் போடவில்லை. அவரை முடிச்சுப் போடவைத்தது பாஸ்டியன். சிறுநீரைக் கொதிக்கவைத்து, பொட்டாஷ் கரைசலால் அதன் அமிலத்தன்மையை நீக்கினால் உயிர் தோன்றுகிறது என்று அவர் 1876இல் அறிவித்தார். 1877 ஜூலையில் பாரிஸுக்கே வந்தார்; விசாரணைக் குழு விதிமுறைச் சண்டையிலேயே கலைந்து, ஒரு குடுவைகூடத் திறக்காமல் திரும்பிப் போனார். ஆனால் பாஸ்டரின் கூடத்தில் அந்தக் கேள்வி தங்கிவிட்டது. அமிலச் சாற்றில் வித்துகள் எளிதில் அடங்கும், அமிலம் குறைந்தால் பிழைத்துக்கொள்ளும்; அதனால் 100 டிகிரி போதாது, 120ஐ நெருங்க வேண்டும். பாஸ்டரின் உதவியாளர் சார்ல்ஸ் ஷாம்பர்லான் உருவாக்கிய ஆட்டோகிளேவ் இந்தத் தேவையிலிருந்து பிறந்தது. இன்று அறுவைக் கருவிகளைச் சுத்தப்படுத்தும் வழக்கமான அளவுகளில் ஒன்று, 121 டிகிரி நீராவியில் 15 நிமிடம். அந்த எண்ணுக்குப் பின்னால், தோற்றுப்போனவர் கேட்ட கேள்வி ஒன்றும் இருக்கிறது.

‘உறக்கம்’ என்பது வெறும் உவமைதானே, மெதுவாக வாழ்வதைத்தான் அப்படிச் சொல்கிறோமா என்றும் கேட்கலாம். மணிக்குள் என்ன இருக்கிறது என்று இன்று தெரிந்ததை வைத்துப் பார்த்தால், இது மெதுவாக வாழ்வது இல்லை. உணவு தீரும்போது பாஸிலஸ் தன்னை நடுவில் வெட்டிக்கொள்ளாமல் ஓரமாக வெட்டிக்கொள்கிறது. பெரிய பாதி சின்னப் பாதியை விழுங்கி, அதைச் சுற்றி உறை மேல் உறையாகப் பூசி, கடைசியில் தானே உடைந்து செத்து, குழந்தையை வெளியே விடுகிறது. ஏறத்தாழ எட்டு மணி நேர வேலை, பாதியில் திரும்ப முடியாது. அதனால் பாஸிலஸ் இதற்குள் அவ்வளவு சீக்கிரம் இறங்குவதில்லை. அக்கம்பக்கத்துச் சகோதரிகளை நஞ்சிட்டுக் கொன்று, அந்தச் சத்தைத் தின்று காலம் தள்ளிப் பார்க்கும் என்று 2003இல் கண்டறிந்தார்கள். இப்படி உருவாகி முடிந்த வித்தின் மையத்தில் தண்ணீர் எடையில் பாதிக்கும் குறைவு. வளரும் செல்லில் அது முக்கால் பங்குக்கு மேல். தண்ணீர் விட்ட இடத்தைக் கால்சியம் டைபிகோலினேட் என்ற உப்பு நிரப்புகிறது, வித்தின் உலர் எடையில் 5 முதல் 15 சதவீதம் வரை. டிஎன்ஏவைச் சின்னப் புரதங்கள் போர்த்தி மூடுகின்றன. இந்த வறட்சியில் புரதங்கள் அசைய முடியாது. அசைய முடியாதது வெப்பத்தில் குலைவதும் கடினம். கண்டறியக்கூடிய வளர்சிதை மாற்றம் எதுவும் நடப்பதில்லை. ஆனால் முழுக்கச் செவிடும் இல்லை. மையத்தில் சேமித்த பொட்டாசியம் அயனிகளை, உணவின் வாடை அடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டு, ஒரு அளவைத் தாண்டியதும் விழித்துக்கொள்கிறது என்று கலிபோர்னியாவின் சான் டியாகோ ஆய்வாளர்கள் 2022இல் காட்டினார்கள். செலவே செய்யாமல் கணக்கு மட்டும் வைத்துக்கொள்வது போல.

டிண்டாலின் முறைக்கு உள்ள குறையும் இங்கேதான் விளங்குகிறது. சாதாரணத் தண்ணீரில் அது பலிக்காது. உணவின் வாடை இல்லாமல் வித்து விழிக்காது, விழிக்காததைக் கொல்ல முடியாது. சத்துள்ள சாற்றிலும் சில வித்துகள் மற்றவை எழுந்த பிறகும் நெடுநேரம் தூங்கும். ‘அதியுறக்க’ வித்துகள் என்று அவற்றுக்கு இப்போது தனிப்பெயரே இருக்கிறது. உணவைத் தகரத்தில் அடைக்கும் தொழில் இந்தச் சோம்பேறிகளைக் கணக்கில் வைத்துத்தான் வெப்பத்தை நிர்ணயிக்கிறது. அதன் முதல் பயம் பாட்டுலினம் நஞ்சைச் சுரக்கும் குளோஸ்ட்ரிடியத்தின் வித்து. நம் வீட்டுச் சோற்றிலும் இதன் சிறு வடிவம் உண்டு. அரிசியில் ஒட்டிவரும் பாஸிலஸ் சீரியஸ் வித்துகள் உலையில் கொதித்தும் பிழைக்கும். வடித்த சோறு வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்தால் விழித்து, மீண்டும் சூடாக்கினாலும் அழியாத நஞ்சைச் சுரந்துவிடும்.

வித்து கட்டும் பாக்டீரியாக்கள் சில குடும்பங்கள் மட்டும்தானே, அவற்றை வைத்து உறக்கத்தின் வரலாற்றை எழுதலாமா என்ற ஆட்சேபம் மிச்சமிருக்கிறது. வித்து கட்டத் தெரியாதவையும் தூங்கத் தெரிந்தவை என்பது பின்னால் தெரியவந்தது. 1944இல் ஜோசஃப் பிக்கர், பெனிசிலின் கொட்டிய சீழ்க்கிருமிக் கூட்டத்தில் ஏறத்தாழ பத்து லட்சத்துக்கு ஒன்று சாகாமல் கிடப்பதைக் கண்டார். அவற்றை வளர்த்தால் வந்த சந்ததி மீண்டும் பெனிசிலினுக்குச் செத்தது. எதிர்ப்புச் சக்தி பெற்றவை இல்லை, அந்த நேரத்தில் விழித்திராதவை. காலரா கிருமி கடல்நீரில் உயிரோடு இருந்துகொண்டே எந்த ஊட்டத் தட்டிலும் வளராமல் ஒளிந்துகொள்வதை 1980களில் ரீட்டா கோல்வெல் குழு காட்டியது. காசநோய் மருந்தை மாதக்கணக்கில் விழுங்கவேண்டியிருப்பதும் இதன் நீட்சிதான். அதை அடுத்த இதழுக்கு வைத்துக்கொள்வோம்.

எவ்வளவு காலம்தான் தூங்க முடியும்? 1995இல் டொமினிகன் அம்பரில் சிக்கிய தேனீயின் வயிற்றிலிருந்து, குறைந்தது 2.5 கோடி ஆண்டு பழைய வித்துகளை எழுப்பியதாக ஓர் அறிவிப்பு வந்தது. 2000இல் நியூ மெக்ஸிகோவின் உப்புப் படிகத்திலிருந்து 25 கோடி ஆண்டு என்று இன்னொன்று. மறுப்பும் உடனே வந்தது: வெளியிலிருந்து புகுந்த இன்றைய கிருமியாக இருக்கும், கருவியைச் சரியாகச் சுத்தம் செய்திருக்க மாட்டீர்கள். பாஸ்டர் பூஷேவிடம் சொன்ன அதே வார்த்தை. இம்முறை மறுப்பாளர்களிடம் கூடுதல் காரணம் ஒன்று உண்டு: உறங்கும் வித்து தன் டிஎன்ஏவைப் பழுதுபார்ப்பதில்லை, போர்வை எவ்வளவு கெட்டியானாலும் கோடி ஆண்டுத் தேய்மானத்தை அது தாங்குமா என்பது சந்தேகமே. நான் மறுப்பாளர் பக்கம் நிற்கிறேன். வாதாடிக்கொண்டிருப்பதை விடக் காத்திருந்து பார்ப்பது மேல் என்று 2014இல் சில ஆய்வாளர்கள் எடின்பரோவில் ஒரு பெட்டி வைத்தார்கள். அதற்குள் உருக்கி அடைத்த சிறு கண்ணாடிக் குப்பிகள் நூற்றுக்கணக்கில். சிலவற்றில் கோன் பெயரிட்ட அதே பாஸிலஸ் சப்டிலிஸின் காய்ந்த வித்துகள். முதல் 24 ஆண்டுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு 25 ஆண்டுக்கு ஒருமுறை சிலவற்றை உடைத்து, எத்தனை முளைக்கின்றன என்று எண்ண வேண்டும். கடைசிக் குப்பிக்குக் குறித்த ஆண்டு 2514. மொழியும் கருவியும் மாறிவிடும் என்பதால், ஒவ்வொரு 25 ஆண்டுக்கும் செய்முறைக் குறிப்பைப் புதிதாகப் படியெடுத்து வைக்கவும் என்று பெட்டியோடு ஒரு தாள் இருக்கிறது.